ஏழு மணப்பெண்களும் ஒரு சோடிச் சப்பாத்தும்

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸ் என்ற ஊரில் எங்கள் மூத்தோர் சங்கத்தில் செவ்வாய்க்கிழமை தேநீருக்குப் பிறகு யாராவது ஒருவர் தாம் பார்த்த வேலையைப் பற்றிப் பேசவேண்டும். வங்கியில் இருந்தவர் பேசினார், பஸ் ஓட்டியவர் பேசினார். என் முறை வந்தபோது, "நான் மியூசியத்தில வேலை செய்தனான்" என்றேன்.

"செக்யூரிட்டியோ?" என்று கேட்டார் முன்வரிசையில் இருந்த ஒருவர்.

"இல்லை அண்ணை. சாமானுகளுக்கு இருக்கை செய்யிற வேலை."

மண்டபம் சிரித்தது. "கரண்டிக்கும் கதிரையோ?" என்றார் இன்னொருவர். ஓம், கரண்டிக்கும்தான் என்றேன். அன்றைக்குச் சொல்லி முடிக்க நேரம் காணவில்லை. எழுதித் தாருங்கள், சங்க மலரில் போடுகிறோம் என்றார்கள்.

மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கோப்பை, ஒரு புத்தகம், ஒரு தொப்பி தானாகவே நிற்பதுபோல் உங்களுக்குத் தெரியும். ஒன்றும் தானாக நிற்பதில்லை. அதன் அடியில் மெல்லிய பித்தளைக் கம்பியை வளைத்து, மெத்தைத் துணி ஒட்டி, பொருளின் நிறத்துக்கே வர்ணம் பூசி ஒரு தாங்கி இருக்கும். அது யார் கண்ணிலும் படக்கூடாது. பட்டால் செய்தவனுக்கு வேலை தெரியாது என்று அர்த்தம். இருபத்தாறு வருடம் அதைத்தான் செய்தேன். இப்போது பொருளை ஒளிக்கதிரால் அளந்து, தாங்கியை ஒரு இயந்திரமே அச்சடித்துத் தருகிறது. நல்ல வேலைதான். நானே ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன், குறை சொல்ல முடியவில்லை.

ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பொருத்தும் பிற்றராக இருந்தவன் நான். ரொறன்ரோவுக்கு வந்து ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு நகரத்தின் வடக்கே இருந்த யூத இனப்படுகொலை நினைவகத்தில் கதவுப் பூட்டும் ஹீற்றரும் திருத்தும் வேலை கிடைத்தது. அந்த நினைவகத்தைத் தொடங்கியவர்கள், ஹிட்லரின் முகாம்களில் இருந்து தப்பி இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த யூதர்கள். தங்களிடம் மிஞ்சிய சின்னச் சின்னப் பொருட்களை அவர்களே கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். ஒருநாள் ஒரு தகரக் குவளை சரிந்து நிற்பதைக் கண்டு, கையில் இருந்த கம்பியை வளைத்து முட்டுக் கொடுத்தேன். மறுநாள் சேகரிப்புப் பிரிவின் தலைவி எடித் என்னைக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு போனேன். "இதுமாதிரி இன்னும் நாற்பது வேணும். ஆனால் இனிமேல் என்னைக் கேட்காமல் ஒண்டிலயும் கை வைக்கக்கூடாது" என்றார்.

எடித்தும் மற்றவர்களும் பேசியது ஆங்கிலத்தில். அதை வீட்டில் என் மனைவி ரஞ்சிக்கு எந்தத் தமிழில் சொன்னேனோ அந்தத் தமிழிலேயே எழுதுகிறேன். வேறு தமிழில் எழுதினால் அவர்கள் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள்.

எடித் உயரமான பெண். காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். பொருட்கள் வைத்திருந்த அறைக்குள் பேனா கொண்டுவந்தவரை அவர் பார்க்கும் பார்வையிலேயே பேனா சட்டைப் பைக்குள் போய்விடும். மை சிந்தினால் பொருள் போய்விடும் அல்லவா? ஒரு பொருள் வந்தால் முதலில் கையை முழங்கை வரைக்கும் கழுவவேண்டும். மோதிரம், மணிக்கூடு கழற்றவேண்டும். பிறகு தொடாமல் பத்து நிமிடம் பார்க்கவேண்டும். அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நிற்பார். பார்த்ததை வரையவேண்டும். அதன்பிறகுதான் தொட்டு, கண்டதை ஒவ்வொரு வரியாக அறிக்கையில் எழுதவேண்டும். "நினைக்கிறேன்" என்ற சொல் அறிக்கையில் வரக்கூடாது. ஒருமுறை நான் ஒரு சட்டையைப் பற்றி எழுதும்போது "பாவம், யாரோ ஏழையினுடையது" என்று எழுதிவிட்டேன். அவர் அழிறப்பரை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அந்த முறைப்படிதான் ஒருநாள் ஒரு சோடிப் பெண்கள் சப்பாத்துக்கு அறிக்கை எழுதினேன். டெபோரா என்ற பெண் கொண்டுவந்து கொடுத்தது. அவருடைய தாய் ஃபெலா, போர் முடிந்தபின் ஜெர்மனியில் ஒரு அகதி முகாமில் கலியாணம் செய்தபோது போட்ட சப்பாத்து அது. திரும்பிப் போக வீடோ உறவோ இல்லாமல் மிஞ்சியவர்களை, பழைய இராணுவக் குடியிருப்புகளில் தங்கவைத்திருந்த முகாம்கள் அவை.

பத்து நிமிடம் பார்த்தேன். வெள்ளைச் சப்பாத்து என்று கொடுத்தார்கள்; உண்மையில் அது மண்ணிறத் தோல். மேலே சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்புபோல ஒரு வெள்ளைப் பூச்சு. பூச்சு உதிர்ந்த இடத்தைப் பெருக்கும் கண்ணாடியால் பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல படைகள் தெரிந்தன. விரல் பக்கத்துக்குள் கசக்கிய பத்திரிகைத் தாள் அடைத்திருந்தது. பல் வைத்தியர்கள் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். இடது சப்பாத்தின் குதியில் நான்கு சின்னப் பித்தளை ஆணிகளுக்கு நடுவே ஒரு பெரிய இரும்பு ஆணி. தலை கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டிருந்தது. குதியைச் சுற்றி எழும்பிய தோல் அதை மறைத்திருந்தபடியால் வெளியில் இருந்து பார்க்க முடியாது. எல்லாவற்றையும் எழுதினேன். ஏன், எப்படி என்று எழுதவில்லை. எழுதவும் விடமாட்டார்.

எங்கள் மியூசியத்தில் சப்பாத்து என்றால் வேறொரு நினைவுதான் வரும். முகாம்களில் கொல்லப்பட்டவர்களின் சப்பாத்துகள் மலைபோலக் குவிந்திருந்த படங்கள் சுவரில் இருந்தன. அவற்றைத் தாண்டி வருகிறவர்கள் கடைசி அறையில் இந்தச் சோடியைக் கண்டதும் அதையும் அதே துக்கத்தோடு பார்ப்பார்கள். "திருமணச் சப்பாத்து" என்று கீழே எழுதியிருந்ததை வாசிக்காமலே போய்விடுவார்கள்.

இனி என் வேலையில் மிகவும் சிக்கலான விடயத்துக்கு வருகிறேன். அது நடந்தது இரண்டாயிரத்து ஒன்பதில், எங்கள் நாட்டில் போர் முடிந்த கோடையில்.

என் தங்கச்சி வதனியும் கணவரும் மகளும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. ரொறன்ரோவில் எங்கள் சனம் போரை நிறுத்தக் கேட்டு வீதியில் நின்றது. நானும் வேலை முடிந்து போய் நிற்பேன். காலையில் திரும்ப வேலைக்கு வருவேன். எடித் ஆறுதல் சொல்கிற ஆளில்லை. வீட்டுக்குப் போ என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு கையும் தேவைப்படுகிற வேலையாகப் பார்த்துத் தருவார். மேசையில் ஒரு தேநீர் இருக்கும். மத்தியானம் கண்ணாடிச் சில்லுபோன்ற ஒரு பொருளைத் தந்து, "இதுக்கு மூச்சைப் பிடிச்சுக்கொண்டு செய்யவேணும்" என்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன்.

போர் முடிந்து சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரெலிபோன் அடித்தது. தெரியாத இலக்கம்.

"அண்ணை" என்றது குரல்.

"வதனியோ?"

"ஓம் அண்ணை. மூண்டு பேரும் இருக்கிறம். முகாமில இருக்கிறம். ஒராளின்ர போனில கதைக்கிறன், கெதியாச் சொல்லுங்கோ."

ரஞ்சி என் கையில் இருந்து போனைப் பறித்தாள். "வதனி, என்னடியம்மா வேணும்? என்ன அனுப்ப?" என்று கத்தினாள்.

"சீப்பு மச்சாள். நல்ல சீப்பு ஒண்டு. இந்தத் தலையோட என்னாலை ஏலாது."

ரஞ்சி அழுதுகொண்டே சிரித்தாள். போன் நின்றபிறகும் இரண்டு பேரும் அடுப்படியில் நின்று சிரித்தோம். அன்றைக்கே வவுனியாவில் இருந்த சொந்தக்காரருக்குச் சொல்லி, சீப்பும் சவர்க்காரமும் உடுப்பும் அனுப்ப ஏற்பாடு செய்தோம்.

அந்த வாரம்தான் ஹன்கா வந்தார்.

ஒஷாவாவில் இருந்து முதியவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் வந்திருந்தது. வழிகாட்டி கடைசி அறையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது, எண்பது வயது தாண்டிய, குள்ளமான ஒரு பெண் கண்ணாடியில் மூக்கு முட்டும்படி குனிந்து, "இது என்ர சப்பாத்து" என்று சொல்லிவிட்டார். வழிகாட்டி பணிவாக, இல்லை அம்மா, இது ஃபெலா என்பவருடையது என்றார். "இது என்ர சப்பாத்து" என்றார் அவர் மறுபடியும், இன்னும் சத்தமாக. கூட வந்த பெண் ஒருவர் வழிகாட்டியின் காதில், இவருக்குக் கொஞ்சம் மறதி என்றார். அது அவர் காதில் விழுந்துவிட்டது. "மறதியோ? உன்ர பேர் டோரத்தி. நேற்று நீ போட்ட சூப்பில உப்பில்லை" என்றார். கீழே வேலை செய்துகொண்டிருந்த எனக்குச் சத்தம் கேட்டது. எடித்துக்கும் கேட்டது.

எடித் வந்து, அந்த இடத்தில் ஒரு சொல்லும் வாதாடாமல், "அம்மா, என்னோட வாங்கோ, இருந்து கதைப்பம்" என்று கூட்டிக்கொண்டு போனார். சப்பாத்து கண்ணில் படாத அறை. என்னைக் கோப்போடு வரச்சொன்னார். கதவுக்கு வெளியே வைத்து, "நீர் என்ன கேட்டாலும் முகத்தில காட்டக்கூடாது" என்றார்.

ஹன்கா எலுமிச்சை போட்ட தேநீர் கேட்டார். கிடைத்தது. எடித் எதிரே இருந்து, "சப்பாத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கோ. நான் இடையில கதைக்கமாட்டன்" என்றார்.

"வெள்ளைச் சப்பாத்தெண்டு நினைச்சு வைச்சிருக்கிறியள். அது வெள்ளை இல்லை. மண்ணிறம். உதவிச் சாமானில வந்தது. ஆரோ ஒராள் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பைக் களவா எடுத்துப் பூசினது. ஒவ்வொரு கலியாணத்துக்கும் திருப்பிப் பூசவேணும். ஆடினால் உதிர்ந்து போடும்."

என் முகத்தைச் சுவரில் இருந்த நாட்காட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"என்ர கலியாணத்தில நான் துள்ளித் துள்ளி ஆடினன். இடது குதி கழண்டுபோச்சு. எல்லாரும் சிரிக்கினம். என்ர மாப்பிள்ளை, ஐசாக், ஓடிப்போய் யன்னல் சட்டத்தில இருந்து ஒரு ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, உள்ளுக்காலை வைச்சுக் கல்லாலை அடிச்சவர். அடிச்ச அடியில தலை சரியா இறங்கேல்லை. மிச்ச ஆட்டம் முழுக்க அந்த ஆணி என்ர குதியைக் கடிச்சுக்கொண்டிருந்தது. நான் நிப்பாட்டேல்லை."

எடித்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் என் பக்கம் திரும்பி, "சிவா, ஏழாம் வரியை வாசியும்" என்றார்.

நான் வாசித்தேன். "இடது சப்பாத்து, உட்புறம். குதியில் நான்கு பித்தளை ஆணிகள். நடுவில் ஒரு இரும்பு ஆணி, மற்றவற்றைப் போன்றதல்ல. தலை முழுதாக இறங்கவில்லை."

ஹன்கா தேநீரைக் கீழே வைத்தார். "ஆணி இன்னும் இருக்கோ?" என்றார். "அவர் போய்ப் பன்னிரண்டு வருசம். அவற்ர ஆணி இன்னும் அங்கை இருக்கோ?" என்று கேட்டுவிட்டு, இரண்டு கையாலும் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. எடித் தன் கைலேஞ்சியை எடுத்து ஒருமுறை மூக்கைச் சிந்திவிட்டு மடித்து வைத்ததை நான் பார்த்தேன். பார்த்ததை எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

எடித் பஸ்காரரிடம் ஏதோ சொல்லப் போனபோது ஹன்கா என்னைக் கேட்டார்: "தம்பி, நீ எந்த நாடு?"

சொன்னேன்.

"உங்கட சண்டை இப்பதான் முடிஞ்சது என்ன? உன்ர ஆக்கள்?"

"தங்கச்சியும் குடும்பமும் தப்பியிருக்கினம். முகாமில இருக்கினம். போன ஞாயிறு கதைச்சவ."

"என்ன கேட்டவ?"

"சீப்பு."

ஹன்கா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சீப்போ! அப்ப அவ பிழைச்சிட்டா. நீ இனிப் பயப்பிடாதை. நாங்கள் பாணுக்கு அடுத்ததாக் கேட்டது வெள்ளைச் சப்பாத்து." அவர் சொன்னதை அன்றைக்கு வீட்டுக்குப் போய் ரஞ்சியிடம் மூன்று தரம் சொன்னேன்.

ஹன்காவின் பேச்சு உண்மை. அதனால் எங்கள் எழுத்து பிழை. அதைத் திருத்தவேண்டும். எடித் டெபோராவுக்கு ரெலிபோன் எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். மறுபக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. அது என் அம்மாவின் சப்பாத்து, யாரோ ஒரு கிழவி வந்து சொன்னதை நம்பி என் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கப் பார்க்கிறீர்களா, அப்படியென்றால் நாளைக்கே வந்து சப்பாத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார் டெபோரா.

கோபத்தில் நியாயம் இருந்தது. அவருக்குத் தாயின் கலியாணத்தில் இருந்து கிடைத்த ஒரே பொருள் அது. எடித் குரலை உயர்த்தவில்லை. "நாங்கள் ஒண்டும் முடிவெடுக்கேல்லை. உங்கட அம்மாவை ஒருக்காக் கேட்கவேணும். அவ்வளவுதான்" என்றார். அம்மாவுக்கு எண்பத்தாறு வயது, குழப்பக்கூடாது என்றார் டெபோரா. குழப்பமாட்டோம் என்றார் எடித். இரண்டு நாள் கழித்து, வரலாம் என்று பதில் வந்தது. ஹன்கா இவ்வளவு பக்கத்தில் இருப்பது ஃபெலாவுக்குத் தெரியுமா? தெரியாது. ஃபெலா இருந்த றிச்மண்ட் ஹில்லுக்கும் ஹன்கா இருந்த ஒஷாவாவுக்கும் இடையில் ஒரு மணித்தியால ஓட்டம். அறுபது வருடமாக ஒருத்தி இருப்பது மற்றவளுக்குத் தெரியாது.

பொருள் ஒன்று கட்டடத்தை விட்டு வெளியே போவதென்றால் சும்மா இல்லை. அமிலமில்லாத அட்டையில் பெட்டி செய்து, உள்ளே பஞ்சுப் பலகையில் இரண்டு சப்பாத்தின் வடிவத்துக்கும் குழி வெட்டினேன். எடித்தின் காரில் பின்சீற்றில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். முன்னால் ஹன்கா நல்ல நீலச் சட்டையும் உதட்டுச் சாயமும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பேவியூ வீதியில் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது நான் ஒரு கும்பிடு போட்டதைக் கண்ணாடியில் பார்த்து, "எனக்கும் சேர்த்துப் போடு" என்றார்.

முதியோர் இல்ல வாசலில் டெபோரா நின்றார். முகம் இறுக்கமாக இருந்தது. ஹன்காவுக்குத் தலையை மட்டும் அசைத்தார்.

ஃபெலா யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். மெலிந்த, நேரான பெண். பெட்டியைப் பார்த்தார். எடித்தைப் பார்த்தார். பிறகு ஹன்காவைப் பார்த்தார். அந்தப் பார்வை ஹன்காவின் முகத்தில் இருந்து இறங்கிக் காலுக்கு வந்து, அங்கேயே நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"குதியை உடைச்சவள் நீதானே!" என்றார் ஃபெலா.

"உடைச்சது மட்டுமில்லை, திருத்தியும் தந்தனான்!"

"என்னத்தைத் திருத்தினாய்? என்ர கலியாணம் முழுக்க அந்த ஆணி என்னைக் குத்தினது!"

"உன்னையும் குத்தினதோ?" என்று கத்திக்கொண்டு ஹன்கா ஓடினார். எண்பது வயதுக்கு மேல் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து, அதன்பிறகு அவர்களுடைய பாஷையில் பேசினார்கள், சிரித்தார்கள், ஒருவரை ஒருவர் அடித்தார்கள். இல்லத்துத் தாதி என்ன நடக்கிறது என்று ஓடிவந்து பார்த்தாள்.

டெபோரா தாயின் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். "அம்மா, இவ ஆர்? சப்பாத்து உங்கட இல்லையோ?"

"என்ர சப்பாத்துத்தான். இவளின்ர சப்பாத்தும்தான். எனக்கு முதல் இவள், இவளுக்கு முதல் றிவ்கா. றிவ்காவுக்குப் பெரிய கால், தாளை எடுத்துப்போட்டுப் போட்டவள். எனக்குச் சின்னக் கால், திரும்ப அடைச்சன். கடைசி மணப்பெண் நான், அதாலை சப்பாத்து என்னோட நிண்டிட்டுது."

"ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீ அழுவாய் எண்டு அந்த முகாமைப் பற்றி ஒண்டுமே சொல்லாமல் விட்டிட்டன். இதில அழ என்ன இருக்கெண்டு யோசிக்காமல் இதையும் சேர்த்து விட்டிட்டன்."

டெபோரா கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தார். எடித் காதில் இருந்த பென்சிலை நீட்டினார். டெபோராவே எழுதினார். றிவ்கா, ஹன்கா, ஃபெலா. அவர்களுக்கு முதல், மூக்குக்கண்ணாடி போட்ட எஸ்தர். இரட்டைச் சகோதரிகள் இரண்டு பேர், ஒரே நாளில் கலியாணம், ஒருத்தி காலையில் போட்டாள், மற்றவள் பின்னேரம். ஏழாவது ஆள் யார் என்பதில் சண்டை வந்தது. சமையலறையில் வேலை செய்த இன்னொரு ஹன்கா, பெரிய ஹன்காதான் என்று கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். டெபோராவின் முகத்தில் இருந்த இறுக்கம் எந்தப் பெயரில் போனது என்று நான் கவனிக்கவில்லை. ஏழாவது பெயரில் அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஃபெலா கையைக் கழுவச் சம்மதித்த பிறகு பெட்டியைத் திறந்தேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"மியூசியத்தில இதை எப்பிடி வைச்சிருக்கிறியள்?" என்று என்னைக் கேட்டார் ஃபெலா.

பக்கத்தில் பக்கத்தில், நேராக என்றேன்.

"படையாள் மாதிரியோ? அந்த முகாமில இந்தச் சப்பாத்து ஒருநாளும் நேரா நிண்டதில்லை."

ஹன்கா எழும்பி, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தின் முதல் அடியைக் காட்டினார். இல்லை, அப்படி இல்லை, இடது கால் பிறகு என்றார் ஃபெலா. மறுபடி காட்டினார். நான் எடித்தைப் பார்த்தேன். அவர் காரில் இருந்து மண்ணிறச் சுற்றுத்தாளை எடுத்துவரச் சொன்னார். தாளை நிலத்தில் விரித்து, ஹன்காவை அதன்மேல் நிற்கவைத்து, இரண்டு பாதத்தையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். இடது குதி நிலத்தில் இருந்து எவ்வளவு உயரம் என்று அடிமட்டம் வைத்து அளந்தேன். "கூசுது தம்பி, கெதியா அள" என்றார் ஹன்கா.

அந்தத் தாளை வைத்து மூன்று நாள் வேலை செய்தேன். கம்பி தெரியாமல் ஒரு சப்பாத்தைத் தூக்கி நிறுத்துவது சுலபமில்லை. வலது சப்பாத்து நிலத்தில் ஊன்றி நின்றது. இடது சப்பாத்து ஒரு அடி முன்னே, குதி உயர்ந்து, அடுத்த அடிக்குத் தயாராக நின்றது. எழுத்துப் பலகையில் ஏழு பெயரும், இரும்பு ஆணியின் கதையும் இருந்தன. ஐசாக்கின் பெயரை டெபோராதான் சேர்க்கச் சொன்னார்.

இரண்டு பேரையும் அழைத்துவந்து காட்டினோம். டெபோரா தாயின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஹன்கா இந்த முறையும் மூக்கு கண்ணாடியில் முட்டப் பார்த்தார். நான் பின்னால் நின்றேன்.

"இடது கொஞ்சம் காணாது" என்றார் ஃபெலா.

"ஓம், காணாது. இன்னும் உயரவேணும்" என்றார் ஹன்கா. அந்த வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன இரண்டாவது விடயம் அது.

எடித் திறப்பை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கம்பியை மெல்ல வளைத்து அரை அங்குலம் உயர்த்தினேன். "அதுதான்!" என்றார்கள் இரண்டு பேரும். கண்ணாடிக் கதவை மூடினேன். அப்போது முந்தைய அறைகளைப் பார்த்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டு வந்தார். பெட்டியைப் பார்த்தார், இந்த இரண்டு பெண்களையும் பார்த்தார், இது யாருடைய சப்பாத்து என்று மெதுவாகக் கேட்டார்.

"என்ர" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள்.